தென்கிழக்கே திருப்பி வைத்த ஏரியல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக நெல்லையப்பர் சந்நிதியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுவாமி பதில் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பூஜைச் சாமான் கடையில் உட்கார்ந்தவன். சாம்பிராணிப் பொட்டலம் மடிக்கத் தெரியும். பத்திரிகைக்கு எழுதத் தெரியாது. அது ஒரு தயக்கம். இன்னொன்று, இந்தப் பத்திரிகையை வாராவாரம் ஒரு வரி விடாமல் வாசிக்கிற எங்கள் தெரு சொர்ணம். நான் எழுத நினைத்ததில் பாதி அவள் வாழ்க்கை. போன மாசம் அவளே கற்பூரம் வாங்க வந்தவள், "அண்ணே, பெரியத்தானைப் பத்தி நீங்க எழுதுங்க. ஆனா கூட்டிக் குறைச்சு எழுதிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் துணிந்துவிட்டேன். தன் புருஷனுடைய அண்ணனைத்தான் அவள் பெரியத்தான் என்பாள்.

திருநெல்வேலி டவுனில் குடை வைத்திருந்த அத்தனை பேரையும் மழையில் நனையவிட்ட ஒரே மனிதர் எங்கள் ஏரியல் அண்ணாச்சிதான்.

அவருடைய சொந்தப் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. தபால்காரர்கூட 'ஏரியல் வீடு' என்றுதான் விசாரிப்பார். ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, கல்யாணச் சீருக்கு வாங்குகிற குடத்திலும் தாம்பாளத்திலும் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது அவர் தொழில். டெலிவிஷன் பெட்டி எங்கள் தெருவுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்த காலம் அது. பெட்டி வாங்கவே கடன் வாங்கிய வீடுகளில் ஏரியலுக்கு எங்கே போவது? அண்ணாச்சியிடம்தான் போவார்கள்.

நசுங்கிய அலுமினியக் குழாய், கொசுவலைக் கம்பு, துணி காயப்போடுகிற கொடிக்கம்பி, இத்துப்போன சைக்கிள் ரிம், எல்லாவற்றுக்கும் மேலே குடைக்கம்பி. இவற்றை ஒரு மரச்சட்டத்தில் மீன் முள் மாதிரி வரிசையாகக் கட்டி, மூங்கில் உச்சியில் நிறுத்தி, பட்டை ஒயரைக் கீழே இறக்கிவிடுவார். பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் படம் வரும்.

கம்பிக்குத்தான் பஞ்சம். மழைக்காலத்தில் அவர் வீட்டுப் பக்கம் குடை பிடித்துப் போனவர்கள் வெறும் துணியைப் போர்த்திக்கொண்டுதான் திரும்பினார்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போலக் குடையைப் பிடித்துப் பார்ப்பார்.

"வே, இந்தக் குடை இனிமே தேறாது."

"அண்ணாச்சி, போன வாரம்தான வாங்கினேன்!"

"அதான் சொல்லுதேன். இப்பவே கழட்டினாத்தான் துரு இல்லாத கம்பியா கிடைக்கும்."

ஆனித் திருவிழாவில் சுவாமி புறப்பாடு. எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறோம். இவர் சுவாமியைப் பார்க்கவில்லை, சுவாமிக்கு மேலே பிடித்த பெரிய குடையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். "வே, ஒவ்வொரு கம்பியும் எம்புட்டு நீளம் பாத்தீரா?" என்று என் காதில் சொன்னார். அவருக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் கட்டிய ஏரியலில் இரண்டு வில்லங்கம் உண்டு. முதலாவது, நடுக் குழாயில் சிற்றுளியால் 'பரமசிவம்' என்று வெட்டியிருப்பார். எந்த வீட்டு ஏரியலானாலும் அதே பெயர்தான். சோடாக் கடைக்காரர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

"மூங்கில் என்னுது, குழாய் என்னுது, குடை எம் பொண்டாட்டியுது. பேரு மட்டும் உம்ம தம்பி பேரா?"

"பேரு வெட்டின சாமான் வீடு வந்து சேரும்வே. எத்தனை கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும், பேரு இருந்தாக் குடம் திரும்பி வந்துருதா இல்லையா?"

அந்தப் பெயருக்கு உரியவன் யார் என்று தெருவுக்கே தெரியும்.

பரமசிவம் அண்ணாச்சியின் ஒரே தம்பி. அண்ணாச்சி கல்யாணம் செய்துகொள்ளாமல் வளர்த்த தம்பி. கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அண்ணனுக்குச் சங்கு மார்க் கைலி, பொண்டாட்டி சொர்ணத்துக்கு வாசனைச் சோப்பு. அங்கே கலவரம் மூண்ட பிறகு கடிதம் நின்றுபோனது. கடை எரிந்தது என்று ஊர் திரும்பிய ஒருவர் சொன்னார். ஆள் என்ன ஆனான் என்று அவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வில்லங்கம் இதனால் வந்ததுதான். எங்கள் ஊருக்குப் படம் வர வேண்டுமென்றால் ஏரியலை வடக்கே, கொடைக்கானலைப் பார்த்து வைக்க வேண்டும். தென்கிழக்கே திருப்பினால் இலங்கை ஒளிபரப்பு வரும். தினமும் சாயங்காலம் இலங்கைச் செய்தி நேரத்தில் அண்ணாச்சி யார் வீட்டு மச்சிலாவது ஏறி ஏரியலைத் திருப்பிவிடுவார். அவர் வீட்டில் பெட்டி கிடையாது. பெரும்பாலும் என் வீட்டு மச்சுதான்.

என் மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சினிமாப் பாட்டுக்காக உட்கார்ந்திருப்பாள். கதாநாயகி வாயைத் திறப்பாள். மழை பெய்த மாதிரி புள்ளிகள் கொட்டும். மேலேயிருந்து குரல் வரும்.

"தெரியுதாவே?"

"போயிட்டு அண்ணாச்சி!"

"இப்போ?"

"சத்தம் மட்டும் வருது!"

"பைய திருப்புதேன். இப்போ?"

"யாரோ பேசுதாங்க. ஒண்ணும் விளங்கலை!"

"அதான், அதான்! அப்படியே விடும்!"

மூச்சு வாங்க இறங்கி வந்து, பெட்டிக்கு முன்னால் கைகட்டி உட்காருவார். என் மனைவி வாசலில் நிற்கிற சொர்ணத்தைப் பார்த்துவிட்டால், வைய நினைத்ததை விழுங்கிவிட்டு இரண்டு பேருக்கும் காபி போடப் போவாள். சொர்ணம் உள்ளே வரமாட்டாள். நெற்றியில் குங்குமத்தோடு நிலைப்படியைப் பிடித்தபடி நிற்பாள்.

"சிங்களம் தெரியுமா அண்ணாச்சி உமக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. செய்தி வாசிக்கவனை எவன் பாத்தான்? அவனுக்குப் பொறத்தால ரோட்டுல போறவங்களைத்தான் பாக்கேன்."

இப்படியே காலம் போனது. சொந்தக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் இல்லை என்று முடிவு செய்து காரியம் செய்துவிட்டால்தான் செத்தவனுக்குக் கதி, இருப்பவளுக்கும் ஒரு தீர்வு என்றார்கள். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் குறுக்குத்துறையில் பரமசிவத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிடச் சொன்னார்கள். விட்டால் சொர்ணத்தின் தாலியைக் கழற்ற வேண்டும். அவளுடைய சித்தப்பா ஒருவர் நேரில் வந்தே கேட்டார்.

"எத்தனை நாளைக்குவே இந்தப் பிள்ளையைப் பொட்டும் பூவுமா நிறுத்தி வைப்பீரு? ஊரு சிரிக்குல்லா?"

"சிரிக்கட்டும். நான் ஏரியலை இன்னும் உசத்தப் போறேன்" என்றார் அண்ணாச்சி.

மறுநாளே என் மச்சில் ஏறி உசத்தினார். பாத்திரக்கடை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய பெரிய அலுமினியத் தாம்பாளத்தை வெட்டிப் பின்பக்கம் தகடாக வைத்தார். என் கல்யாணக் குடையும் அதில் போனது. அந்த ஏரியலைப் பார்த்துக் காக்கைகள்கூட முதல் இரண்டு நாள் எங்கள் மச்சுக்கு வரவில்லை.

அது நிமிர்ந்த அதே வாரம் ஒரு சாயங்காலம். செய்தியில் ஏதோ சந்தைத் தெருவைக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன் தலைத்துண்டின் முடிச்சு இடது காதுமேல் இருக்கும்படி கட்டியிருந்தான். எங்களைப் பார்த்துத் திரும்பினான். நாலைந்து எட்டு நடந்தான். புள்ளிமழையில் கரைந்துபோனான்.

"ஏலே பரமசிவம்!"

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அடுப்படியில் டம்ளர் விழுந்தது. "பாத்தீராவே? முடிச்சைப் பாத்தீரா? அவன் அப்படித்தான கட்டுவான்! ஏ சொர்ணம், பாத்தியாம்மா?"

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நீரு தினமும் திருநீறு பூசுத ஆளு. பொய் சொல்ல மாட்டீரு. அவந்தான?"

வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு சோதனை வந்ததில்லை. ஆமாம் என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. ஆனால் நான் பார்த்தது ஒரு துண்டையும் நிறையப் புள்ளிகளையும்தான்.

"எனக்குத் தெரியலை அண்ணாச்சி" என்றேன்.

அழுதுவிடுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"தெரியலைன்னுதான சொன்னீரு? இல்லைன்னு சொல்லலையே! தெரியாத ஆளுக்கு எள்ளுத் தண்ணி விடச் சொல்லி எந்தச் சாஸ்திரத்துலவே இருக்கு?"

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டார். சித்தப்பா வந்த வழியே போனார்.

பிறகு எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. மச்சு மச்சாக ஏரியலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு வீடாகப் போய், பெயர் வெட்டிய குழாயை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். ஒரு குழாய்கூடப் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடவில்லை. என் மச்சில் இருந்ததை மட்டும் கழற்ற வேண்டாம் என்றார். "அது அங்கனயே இருக்கட்டும்வே. அவன் வந்தா அடையாளம் வேணும்லா."

போன வருஷம் சித்திரையில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. நெல்லையப்பர் அந்த மட்டுக்கும் இரக்கம் காட்டினார்.

ஆடி அமாவாசைக்கு அவருக்குத் தர்ப்பணம் விட வேண்டும். பிள்ளை இல்லாதவருக்கு வேண்டியவர்கள் விடலாம் என்று ஐயர் சொன்னதால், நானும் சொர்ணமும் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளைக் கையில் வாங்கினேன். ஐயருக்கு எங்கள் தெரு விஷயம் எல்லாம் தெரியும். சொர்ணத்தைப் பார்த்து, "தம்பி பேரையும் சேத்துச் சொல்லிரலாமாம்மா? இனிமே தடுக்க ஆள் இல்லையே" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் சாமி. பெரியத்தானுக்கு மட்டும் சொல்லுங்க."

படியேறி வரும்போது அவளாகவே பேசினாள்.

"அன்னைக்குப் படத்துல வந்தது அவுக இல்லண்ணே."

நான் நின்றுவிட்டேன்.

"முகத்துல புள்ளி விழுந்துச்சு, சரி. நடையில புள்ளி விழுமா? அவுக நடை எனக்குத் தெரியாதா? பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. பெரியத்தான் முகத்தைப் பாத்தேன். சொல்ல வாய் வரலை."

"பெறவு ஏம்மா இன்னைக்கும் வேண்டாம்னுட்ட?"

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியத்தான் அத்தனை குழாயில பேரு வெட்டி வச்சிருக்காவளே அண்ணே. அத்தனையும் என் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. அந்தப் பேரை நான் எப்படி ஆத்துல விட?"

நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாள்.

இவ்வளவுதான் விஷயம். வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்குமே என்று பரமசிவம் திரும்பி வந்ததாகச் சேர்த்துவிட வேண்டாம். அவன் வரவில்லை. சிரிப்பு வருமே என்று அண்ணாச்சியைக் கிறுக்கு என்றும் சொல்லிவிட வேண்டாம். சொர்ணம் பேசியதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம், அவள் வாசிப்பாள்.

இந்த மழைக்கு என் மகள் புதுக் குடை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பொத்தானை அமுக்கினால் தானாக விரிகிறது. பழையதைத் தூக்கிப் போடுங்கள் என்றாள். போடவில்லை. கடையில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். கம்பியெல்லாம் துரு இல்லாமல் நன்றாக இருக்கிறது. அண்ணாச்சி கேட்டால் கொடுக்க வேண்டும்.