ஆத்துல நடந்த நதி மாநாடு

மனித குலம் பூமிக்குச் செய்த பேருதவிகளை நாளை யாராவது கல்லில் வெட்டுவதாக இருந்தால், முதல் வரியில் எங்கள் மாநாட்டை வெட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் எரிக்காமல், ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல், சட்டைக்குக் கீழே லுங்கியோடு உட்கார்ந்து ஓர் ஆற்றைக் காப்பாற்றிய மாநாடு அது. காப்பாற்றப்பட்டது அடையாறு. தகவல் அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று கேள்வி.

அடியேன் கதிரேசன். நகர் நதி நலக் கழகத்தின் இணைச் செயலாளராக இருந்தவன். மாநாட்டை இணையத்துக்கு மாற்றியபோது என்னையும் 'இணையச் செயலாளர்' ஆக்கினார்கள். நடுவில் ஒரு 'ய' சேர்ந்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் கூட்டத்துக்கு நாற்காலி போடுவேன். இப்போது யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதை என் ஆள்காட்டி விரல் தீர்மானிக்கிறது. எழுத்து ஒன்று கூடினால் ஒரு மனிதன் எங்கே போய்விடுகிறான் பாருங்கள்.

உண்மையில் மாநாடு தி.நகரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில்தான் நடந்திருக்க வேண்டும். 'வெப்பமடையும் நகரில் நதிகள்' என்று தலைப்பு. குளிர்சாதன அரங்கில், சால்வை போர்த்திக்கொண்டு, காலை முதல் மாலை வரை வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவதாக ஏற்பாடு. தொற்று வந்து ஹோட்டலை மூடிவிட்டார்கள். கழகத் தலைவர் முனைவர் ராஜகோபாலன் மயிலாப்பூரிலிருந்து அவசரக் கூட்டம் கூட்டினார். நதியைப் பற்றிய விவாதம் சட்டென்று முடிந்தது. மாநாட்டுப் பையைப் பற்றிய விவாதம்தான் நீண்டது. பை இல்லாமல் ஒரு மாநாடா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கண் கலங்கிவிட்டார். கடைசியில் 'நெகிழி தவிர்ப்போம்' என்று அச்சிட்ட துணிப்பையை, கிருமி ஒட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறை கசங்காமல் இருக்க இன்னொரு பிளாஸ்டிக்கில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்கு வீடு அனுப்பினோம். பெட்ரோல் செலவாகுமே என்று கேட்டேன். அது கூரியர்காரன் எரிக்கிற பெட்ரோல், நம் கணக்கில் வராது என்று தலைவர் விளக்கினார். சுற்றுச்சூழல் அறிவியலில் எனக்கு அன்றுதான் தெளிவு பிறந்தது.

இனி தாயம்மாவுக்கு வருகிறேன். மாநாடு என்றால் இந்தக் காலத்தில் 'பாதிக்கப்பட்டோர் குரல்' என்று ஓர் அம்சம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, படகுக்கார நகர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே இருந்தவர் தாயம்மா. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. கடை மூடியதும் அதுவும் இல்லை. இந்த நேரம் பார்த்து, நீர்நிலை எழில் வாரியம் கரையை 'அழகுபடுத்த' முடிவு செய்திருந்தது. அழகு படுவதற்கு முன் வீடுகள் எழுந்து போக வேண்டும். ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், அடுக்குமாடியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றிக் கொடுத்தால் வெளியேற்ற உத்தரவில் கையெழுத்துப் போட வசதியாக இருக்கும் என்று வாரிய இயக்குநர் ரகுபதி சொல்லியிருந்தார். அவரே மாநாட்டுக்கு வருவதாகவும் இருந்தது.

என்ன பேசப் போகிறீர்கள் அம்மா என்று நிகழ்ச்சி நிரலுக்காகத் தாயம்மாவிடம் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். இந்த நோவு போற வரிக்கும் ஊட்ட இடிக்காதீங்கோன்னு அந்த டைரக்டராண்ட ஒரு வார்த்த சொல்லணும். இப்ப போயி எங்க சார் போவோம், பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல."

இதற்குப் பத்து நிமிடம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் ஒதுக்கினோம்.

இடம் மாறிய செய்தியைத் தலைவரே பெருந்தன்மையுடன் தொலைபேசியில் சொன்னார். நானும் இணைப்பில் இருந்தேன்.

"ஹோட்டல் கிடையாது தாயம்மா. இந்தத் தடவ மாநாடு ஆத்துலதான். எல்லாரும் ஆத்துல இருந்துண்டே கலந்துக்கறோம்."

"ஆத்துலயா சார்? டைரக்டர் ஐயாவும் ஆத்துக்கு வந்துருவாரா?"

"அவரும் ஆத்துலதான் இருப்பார். நீங்க எங்கயும் அலைய வேண்டாம், உங்க ஆத்துலயே இருங்கோ, போறும்."

இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரிகூட எங்கள் ஆத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தாயம்மா வாழ்த்தினார். தலைவர் அந்த வாழ்த்தை அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டார்.

மயிலாப்பூரில் சில வீடுகளில் 'ஆத்துல' என்றால் வீட்டில் என்று பொருள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், படகுக்கார நகரில், 'ஆத்துல' என்றால் ஆற்றில். வாழ்நாளெல்லாம் ஆறுகளை ஆராய்ந்தவர் எங்கள் தலைவர். ஆனாலும் அவர் வாயில் 'ஆத்துல' என்ற சொல் ஒரு தடவைகூட ஆற்றைக் குறித்தது கிடையாது. ஆராய்ச்சிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை அவர் தொற்றுக்கு முன்பே கடைப்பிடித்து வந்தார் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்.

மாநாட்டு நாள் காலையில் நான் மேலே கோட்டும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்திருந்தபோது தாயம்மா அழைத்தார்.

"சார், எல்லாம் ரெடியா கீது. நீங்கோ பாலத்தாண்ட வர்றீங்களா, கோயிலாண்ட வர்றீங்களா? ஆள் நிக்க வெச்சிருக்கேன்."

விசாரித்ததில் எனக்கு வியர்த்துவிட்டது. குடியிருப்பே திரண்டு கரையைப் பெருக்கியிருக்கிறது. ஊரில் கல்யாணங்கள் நின்றுபோனதால் கடையை மூடி வைத்திருந்த பந்தல்காரர் அப்துல் சமத், வாடகை நாற்காலிகளைச் சும்மாவே கொடுத்து, இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார். சுண்ணாம்பில் வட்டம். இயக்குநர் உட்கார மட்டும் மெத்தை வைத்த கல்யாண நாற்காலி, பக்கத்தில் இளநீர். நான் ஆத்துக்கும் ஆத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம், காக்கா சத்தத்துக்கு நடுவே, இளநீரை இப்போது வெட்ட வேண்டாம் என்று அவர் யாரிடமோ சொன்னார்.

"அப்ப யாருமே வரலியா சார்?"

எல்லாரும் வந்துகொண்டுதான் இருக்கிறோம் அம்மா, இணைய வழியில் வருகிறோம் என்றேன். பக்கத்து வீட்டு உம்மே ஹானி, தையல்காரர், முகக்கவசம் தைத்து விற்பவர், தன் போனில் 'தாயம்மா, படகுக்கார நகர்' என்ற பெயரில் எங்கள் இணைப்பைத் திறந்து கொடுத்தார். பாதிக்கப்பட்டோர் குரல் இப்படியாக மாநாட்டுக்குள் நுழைந்தது.

மாநாடு கோலாகலமாகத் தொடங்கியது. குத்துவிளக்கின் படம் திரையில் வர, தலைவரின் துணைவியார் பங்கஜம் அம்மாள் அதை மவுசால் சொடுக்கி ஏற்றினார். பிரதிநிதிகள் எல்லாரும் தங்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு நதியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பின்னால் அன்னங்கள் நீந்தின. ஒருவருடைய காதுகள் அருவிக்குள் போய்ப் போய் வந்தன. நிஜ ஆறு இருந்தது ஒரே ஒரு கட்டத்தில்தான். அதை முதலில் கவனித்தவர் நதி அழகியல் பேராசிரியர் ஜோதிலட்சுமி. அந்தம்மாவைப் பின்னணியை மாற்றச் சொல்லுங்கள், கண்ணை உறுத்துகிறது என்றார். நான் தெரிவித்தேன்.

"இது பின்னணி இல்ல சார், அடையாறு" என்றார் உம்மே ஹானி.

அப்படியானால் மங்கலாக்கிவிடச் சொல்லுங்கள் என்று பேராசிரியர் கனிவுடன் வழி சொன்னார். உம்மே ஹானி எதையோ அழுத்த, ஆறு மங்கியது, குடிசைகள் மங்கின, பின்னால் நின்ற ஜனங்களும் மங்கினார்கள். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது என்று சபை ஒப்புக்கொண்டது.

பேச விரும்புகிறவர்கள் கைப்படத்தை அழுத்திக் கையைத் தூக்க வேண்டும் என்று நான் விதிகளைப் படித்தேன். தாயம்மா நிஜக் கையைத் தூக்கினார். உம்மே ஹானி போனில் இருந்த கையைத் தூக்கினார். தாயம்மா பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கை முளைத்து நின்றது. காக்கைகள் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அவர் ஒலியை நான் மௌனமாக்கினேன். கை அப்படியே நின்றது.

அவர் முறை மதிய உணவுக்கு முன். ஆனால் அதற்கு முந்தைய கட்டுரை நீண்டுவிட்டது. ஜோதிலட்சுமி வாசித்த அருமையான கட்டுரை அது. தலைப்பு: 'கரையோர மக்களின் குரலுக்குச் செவிசாய்ப்பது எப்படி?' நடுவில் தாயம்மா வாயசைப்பது தெரிந்தது. நான் எழுத்தில் 'பொறுமை காக்கவும்' என்று அனுப்பினேன். கட்டுரை முடிவதற்குள் ஒவ்வொருவர் வாசலிலும் பிரியாணிப் பொட்டலமும் சாம்பார் சாதப் பொட்டலமும் வந்து மணி அடித்தன. கேமராக்கள் அணைந்தன. தலைவர், தாயம்மா இருவரின் கட்டங்கள் தவிரத் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர்.

சரியாக அந்த நேரம் பார்த்து இயக்குநர் ரகுபதி உள்ளே வந்தார். இன்னொரு கூட்டம் இருக்கிறது, தீர்மானத்தை மட்டும் முடித்துக்கொள்ளலாமா என்றார். தாயம்மா பேச வேண்டியிருக்கிறதே என்று நான் தலைவருக்கு நினைவூட்டினேன். கடமையில் நான் தவறவில்லை. அவா அப்பறம் பேசட்டும், முதல்ல தீர்மானம் என்றார் தலைவர். படித்தேன்: 'தொற்றுக் காலத்தில் கரையோர மக்களின் நலன் கருதி, அவர்களை உடனடியாக நகருக்கு வெளியே மாற்றுவதை இம்மாநாடு வரவேற்கிறது. ஆதரிப்போர் கை தூக்குக.'

எல்லாருடைய கையும் சாப்பாட்டில் இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை. தலைவர் பதறிப்போய்க் கண்ணாடியை மாட்டினார்.

"ஒரே ஒரு கை இருக்கு" என்றார்.

யாருடைய கை என்று இயக்குநர் கேட்டார். தாயம்மா, படகுக்கார நகர் என்று படித்தேன். இயக்குநர் நெகிழ்ந்துவிட்டார்.

"அவங்களே கை தூக்கிட்டாங்களா? இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

எதிர்ப்போர் உண்டா என்று கேட்டோம். புதிதாக ஒரு கையும் எழவில்லை. எனவே தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. ஒரு மனது, ஒரு கை. அந்தச் சொல்லை இவ்வளவு நாணயமாக உபயோகித்த சபை வேறு கிடையாது. கட்டத்துக்குள் தாயம்மா எழுந்து நின்று நிஜக் கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன ஒரு உற்சாகம் பாருங்கோ என்றார் தலைவர். இயக்குநர் கும்பிட்டுவிட்டு மறைந்தார்.

எல்லாம் முடிந்தபின் தாயம்மாவின் ஒலியைத் திறந்துவிட்டேன். வாக்குறுதி என்றால் வாக்குறுதிதான். அவருடைய பத்து நிமிடம் அப்படியே பாக்கி இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.

"நான் பேசத்தானே சார் கைய தூக்கினேன்? பேசணும்னா தூக்குன்னு நீங்கதானே சொன்னீங்கோ?"

அது காலையில் அம்மா, மதியத்துக்கு மேல் கை தூக்கினால் ஆதரவு என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. இணைய அறிவு இன்னும் அடித்தட்டு வரை பரவவில்லை என்று அறிக்கையில் குறித்துக்கொண்டேன்.

வாரியம் வழக்கத்துக்கு மாறான சுறுசுறுப்புடன் இயங்கியது. லாரிகள் வந்தன. புகை கக்கத்தான் செய்தன. அது வாரியத்தின் புகை, எங்கள் கணக்கில் வராது. யாரைக் கேட்டு இடிக்கிறீர்கள் என்று குடியிருப்பு மக்கள் மறித்தார்களாம். அதிகாரி எங்கள் தீர்மானத்தை உரக்கப் படித்து, உங்கள் தாயம்மாதான் கை தூக்கினார் என்று சொல்லியிருக்கிறார். அதற்குமேல் யாரும் அதிகாரியோடு சண்டை போடவில்லை. அவர்கள் திரும்பிய பக்கம் வேறு.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கரியமில வாயு வெளியிடாத மாநாடு என்று எங்களுக்குப் பசுமை விருது கிடைத்திருந்தது. பங்கேற்புச் சான்றிதழை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்கத்தான் தாயம்மாவை அழைத்தேன். மணி அடிப்பதற்குப் பதில், வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள் என்று ஒரு பெண் குரல் அறிவுரை சொல்லி முடித்தது. பிறகு எடுத்தார். பின்னால் லாரியின் உறுமல், பாத்திரம் விழுகிற சத்தம், யாரோ ஒரு பெண் விடாமல் ஏசுகிற சத்தம்.

"சார், ஊடு போனாக்கூட போவுது. துட்டு வாங்கிகினு கைய தூக்கிட்டேன்னு பேசறாங்கோ சார். நம்ம சமத் பாயே மூஞ்சி குடுக்க மாட்றாரு. ஹானி உள்ளத சொல்லுது, யாரும் நம்பல. அந்தக் கைய நீங்கோ எறக்கிவுட முடியாதா?"

கூட்டம் முடிந்துவிட்டதால் இனி இயலாது என்று வருத்தம் தெரிவித்தேன்.

"அன்னிக்கே எறக்கி இருக்கலாம்ல சார்? யார் கைய வேணும்னாலும் நீங்கோ எறக்கலாமாமே, ஹானி சொல்லிச்சு."

உம்மே ஹானி சொன்னது சரிதான். எவருடைய கையையும் இறக்கும் அதிகாரம் இணையச் செயலாளருக்கு உண்டு. பொத்தான் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. அந்தக் கை காலையிலிருந்தே அங்கே நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பொறுப்புள்ள பதவியில் இருப்பவன் பேசவேண்டிய முறையில், நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"இறக்கியிருக்கலாம்மா. ஆனா, தூக்கியிருந்ததே அந்த ஒரு கைதானே? அதையும் இறக்கிட்டா தீர்மானத்த யார் நிறைவேத்தறது?"