அறுபது பேருக்கு ஒரு திட்டு

பெரிய டாக்டரை எருமை என்று திட்டியது நான்தான். ஆனால் அது அவருக்குப் போக வேண்டிய திட்டு இல்லை. எனக்கு வர வேண்டியது, நடுவில் வழி தவறிவிட்டது. திங்கட்கிழமை காலை அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு இதைத்தான் விளக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் தன் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க, கம்ப்யூட்டர்."

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் என் பெயர் கம்ப்யூட்டர். சேர்ந்த புதிதில் மரியாதையாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது அதே சொல்லை, பழுதாகி மூலையில் கிடக்கும் பொருளைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.

"வேண்டாமே மேடம்."

"படிங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அடேய் தூங்குமூஞ்சி! தேதியை எங்கடா தொலைச்சே? கண்ணைத் தொறந்து பாரு, எருமை."

"நல்லாப் படிக்கிறீங்க. இது எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"அறுபது பேருக்கு மேடம்."

"ஆபரேஷனுக்குப் பதிவு பண்ணின அறுபது பேருக்கு. அதுவும் கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து. கண்ணைத் தொறந்து பாருன்னு."

"உங்களையும் சேர்த்தா அறுபத்தொண்ணு" என்றேன். வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்களில்தான் எனக்கு எண்ணிக்கை துல்லியமாக வரும்.

நடந்தது இதுதான். தினமும் காலை ஆறு மணிக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று தானாக ஓடும். ஸ்கிரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு ஃபைல். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் தயாரிக்கும் பட்டியலை எடுத்து, அந்த வாரம் கண்புரை ஆபரேஷனுக்குப் பதிவு செய்த அறுபது பேருக்கும் அது ஒரு மெசேஜ் அனுப்பும். என்றைக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டில், துணைக்கு ஆள் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். டாக்டருக்கும் ஒரு நகல் போகும். அதைச் சேர்த்ததும் நான்தான். வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இந்த ஸ்கிரிப்டுக்கு இரண்டு வாய். ஒரு வாய் சொல்ல வேண்டியதைச் சொல்லும். இன்னொரு வாய் ஏதாவது தப்பு நடந்தால் புலம்பும். அந்தப் புலம்பல்தான் பிழைச் செய்தி. கம்ப்யூட்டரோடு வரும் பிழைச் செய்திகளை நான் படிப்பதே இல்லை, அவ்வளவு மரியாதையாக இருக்கும். திட்டினால்தான் எனக்கு உறைக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே நிரூபிக்கப்பட்ட விஷயம். அதனால் என்னை நானே திட்டுவதுபோல் பிழைச் செய்திகளை எழுதி வைத்திருந்தேன். தேதி விட்டுப்போனால் ஒரு திட்டு, ஃபோன் நம்பரில் எண் குறைந்தால் ஒரு திட்டு என்று மொத்தம் பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமல் இருந்தேன். ஆபத்தான நாள். இரண்டு வாயும் பேசுவதை ஒரே இடத்தில் படிக்கலாமே என்று தோன்றியது. ஒரு எண், ஒரு அம்புக்குறி, இன்னொரு எண் என்று ஒரு சின்னக் குறியைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கினேன். முதல் வாயின் மறுமுனை அறுபது பேருடைய ஃபோனில் இருப்பது மட்டும் மறந்துவிட்டது.

திங்கட்கிழமை பார்த்து, தியேட்டர் சிஸ்டர் தேதிக்கு நடுவில் கோடு போடாமல் புள்ளி வைத்துவிட்டார். ஸ்கிரிப்டுக்குத் தேதி புரியவில்லை. அறுபது தடவை புரியவில்லை.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "தினம் பன்னிரண்டு கட்டில் போட்டு வைக்கிறோம். அஞ்சு பேர்தான் வராங்க. ஏழு கட்டில் காலி. ஆறு மாசமா இதே கதைதான். முன்னாடி இப்படி இல்லை."

ஆறு மாதத்துக்கு முன்பு வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி நாள் தொண்டை கட்டியிருக்கும். அந்தக் கஷ்டத்தைப் போக்கியவன் நான். அதற்குப் பிறகு ஆள் வருவது குறைந்ததற்கு, மனிதர்கள் முன்போல இல்லை, பொறுப்பு குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் விளக்கம்கூடக் கொடுத்தேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்றார் டாக்டர். "அன்னிக்குக் காலையிலயும் ஏழு கட்டில் காலியா இருந்தா, சாயங்காலம் உங்க நாற்காலியும் காலி."

வெளியே வந்ததும் நேராக அக்காவிடம் போனேன்.

"அக்கா, காலையிலேர்ந்து யாராச்சும் ஃபோன் பண்ணித் திட்டினாங்களா?"

"இல்லையே."

"ஒருத்தர்கூடவா?"

"இல்லப்பா."

"மறைக்காம சொல்லுங்க அக்கா, நான் தாங்கிப்பேன்."

"உன்னைத் திட்டறதுக்கு அவங்க வேற ஃபோன் பண்ணணுமா? இங்க நாங்க இத்தனை பேர் இருக்கோமே."

அறுபது பேரில் ஒருவர்கூடக் கோபப்படவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எல்லோரும் ஒன்றுசேர்ந்து நேரில் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும்தான்.

அன்று மாலையே முதல் வைத்தியம் பார்த்தேன். புலம்பும் வாயை மொத்தமாக அடைத்தேன். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு பள்ளம் உண்டு. எதைத் தள்ளினாலும் விழுங்கிவிடும், சத்தமே வராது. பதினொரு திட்டையும் அதில் தள்ளிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் மறுபடியும் ஃபோனை நீட்டினார். அவர் சொல்லாமலே படித்தேன்.

"தங்கள் அறுவை சிகிச்சை நாள்... சாப்பிடாமல் வரவும்."

"நாள்னு இருக்கே, எந்த நாள்?"

"அது... விட்டுப்போச்சு மேடம்."

சிஸ்டர் இன்னும் புள்ளிதான் வைத்துக்கொண்டிருந்தார். ஸ்கிரிப்டும் தேதி புரியவில்லை என்று கத்தத்தான் செய்தது. நான்தான் வாயை அடைத்துவிட்டேனே.

"என்னிக்குன்னு சொல்லாம சாப்பிடாம வரச் சொன்னா, அவங்க என்னிக்கிலேர்ந்து பட்டினி கிடக்கறது?"

அன்று தியேட்டருக்கு வந்தவர்கள் ஐந்து பேர்.

அதனால் சிஸ்டரிடம் தேதிக்குக் கோடு போடச் சொல்லிவிட்டு, இரண்டாவது வைத்தியம் பார்த்தேன். இனிமேல் எந்தச் சின்னத் தப்பு வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று ஸ்கிரிப்டுக்குக் கட்டளை சேர்த்தேன். நின்றால் ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து முயல வேண்டும். திட்டுகளெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் போய்ச் சேர வேண்டும். மூன்றும் அருமையான யோசனைகள். தனித்தனியாக.

புதன்கிழமை காலை பட்டியலில் முதல் ஆளின் ஃபோன் நம்பரில் ஒரு எண் குறைந்திருந்தது. ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றது. ஒரு நிமிஷம் கழித்து எழுந்தது, மறுபடியும் அதே ஆளிடம் நின்றது. மீதி ஐம்பத்தொன்பது பேரை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. திட்டுகள் போய்ச் சேரட்டும் என்று நான் காட்டிய இடம், காத்திருப்போர் அறையில் டோக்கன் கூப்பிடுகிற மிஷின் எடுத்துப் படிக்கும் இடமாக இருந்துவிட்டது. அந்த மிஷினுக்கு ஒரு பெண் குரல். பாலில் நனைத்த ரொட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். நான் உள்ளே நுழையும்போது அந்தக் குரல் கூரையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது:

"டோக்கன் எண் பதினேழு. சோம்பேறிக் கழுதை, பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா? தயவுசெய்து அறை எண் மூன்றுக்கு வரவும்."

பதினேழாம் டோக்கன் ஒரு பாட்டி. பதறி எழுந்துவிட்டார்.

"என்னைத்தான் சொல்றா. சொட்டு மருந்து போட்டுட்டுப் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாங்க. நான் நடுவுல தூங்கிட்டேன்."

"உங்களை இல்லம்மா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"பின்ன யாரை?"

அறையில் இருந்த நாற்பது பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"என்னைத்தாம்மா" என்றேன்.

"அப்படியா?" என்று என் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு மூன்றாம் அறைக்குப் போனார் பாட்டி. ஆறுதல் சொல்வதற்குக்கூட நேரம் போதவில்லை, அடுத்த நிமிஷத்துத் திட்டு வந்துவிட்டது. மிஷினின் வயரைப் பிடுங்குவதற்குள் இன்னும் இரண்டு பேர் தங்களைத்தான் என்று ஒப்புக்கொண்டு எழுந்திருந்தார்கள்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"திட்டறதாலதானே இவ்வளவு பிரச்சினை? மரியாதையா எழுதிப் பாருங்களேன்."

"மரியாதையா எழுதினா நான் படிக்க மாட்டேனே."

"மாட்டீங்கதான். நான் எழுதி வைக்கற சீட்டெல்லாம் ஃபிரிட்ஜ்லயே ஒட்டிட்டு இருக்கு."

பதினொன்றையும் மாற்றி எழுதினேன். 'மதிப்புக்குரியவரே, தங்களுக்குச் சிரமம் தர மனமில்லை. ஆயினும் ஒரு சிறு குறை தென்படுவதாக நினைக்கிறோம்' என்கிற ரீதியில். அடைத்த வாயைத் திறந்து, அது என் திரைக்கு மட்டும் பேசும்படி வைத்தேன். வியாழக்கிழமை காலை என் திரையில் மரியாதையாக ஒரு கடிதம் இருந்தது. யாரோ நன்றி தெரிவித்திருக்கிறார்கள் என்று நினைத்து, மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றும் யாருக்கும் மெசேஜ் போகவில்லை.

திரும்பி வரும் வழியில் தியேட்டர் வாசலில் எட்டிப் பார்த்தேன்.

"சிஸ்டர், இன்னிக்கு எத்தனை பேர்?"

"அஞ்சு."

திட்டு போனாலும் ஐந்து. தேதி போகாவிட்டாலும் ஐந்து. ஒன்றுமே போகாவிட்டாலும் ஐந்து. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து என்பதுதான் அடுத்த வரி என்று எனக்கே தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் கூப்பிடும் முன்பே போய் நின்றேன்.

"மேடம், நேராவே கேக்கறேன். என் வேலை இருக்கா, போச்சா?"

"நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை?" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எனக்கு நேரடியாகப் பதில் சொன்னதே இல்லை. ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "ஒரு லாரி டிரைவர். ரிட்டயர் ஆனவர். மூணு தடவை நாள் குடுத்தாச்சு, மூணு தடவையும் வரலை. புரை நல்லா முத்திப்போச்சு. இன்னும் தள்ளிப்போட்டா ஆபரேஷன் ரொம்பக் கஷ்டம். நாளைக்குக் காலையில அவருக்கு ஒரு கட்டில் போட்டிருக்கேன். திட்டினது நீங்கதானே? நீங்களே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வாங்க."

இரண்டாவது மாடியில் வீடு. கதவு திறந்தே இருந்தது. வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சின்ன ரேடியோ. காலடியில் ஒரு பை, ஜிப் மூடி, மேலே மடித்த துண்டோடு. ஆள் ஊருக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன்.

"யாரு?"

"கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன் ஐயா."

"அட, வாங்க வாங்க" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துப் பேசினார். கோபம்தான், சந்தேகமே இல்லை.

"மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க. வீட்டுக்கு வர ராத்திரி ஆயிடும். உக்காருங்க."

"ஊருக்குப் போறீங்களா ஐயா?"

"கிளம்பணும். சொல்லி அனுப்பட்டும்னு காத்துட்டிருக்கேன்."

யார் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"எதுக்கு?"

"திங்கக்கிழமை உங்களுக்கு வந்த மெசேஜுக்கு."

"என்ன மெசேஜ்?"

என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறார். நியாயம்தான். எழுந்து நின்றே சொன்னேன். "அடேய் தூங்குமூஞ்சி. தேதியை எங்கடா தொலைச்சே. கண்ணைத் தொறந்து பாரு, எருமை."

பெரியவர் ரேடியோவை நிறுத்தினார். அப்புறம் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"அந்த எருமையை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். முப்பத்தி நாலு வருஷம் லாரி ஓட்டினவன், எனக்குத் தெரியும். வேற ஏதாச்சும் இருக்கா?"

பதினொன்றையும் சொல்ல வைத்தார். ஏழாவது திட்டுக்கு மட்டும் இன்னும் பொருத்தமான ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அதை இங்கே அச்சில் போட முடியாது.

"இதெல்லாம் யாருக்கு எழுதினீங்க?"

"எனக்கேதான் ஐயா."

"பாவம்" என்றார், உண்மையாகவே.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. "அப்ப உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"கோவமா? எதுக்கு?"

"ஆபரேஷன்னா பயமா?"

"பிரேக் இல்லாம மலை இறங்கினவன் நான். எனக்கென்ன பயம்?"

"அப்புறம் ஏன் ஐயா மூணு தடவையும் வரலை? இருபத்தேழு மெசேஜ் அனுப்பியிருக்கோம். தேதி, மணி, கட்டில் நம்பர் எல்லாம் தெளிவா எழுதித்தான் அனுப்பினோம். ஒண்ணைக்கூடவா நீங்க படிக்கலை?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். என் கையைத் தடவித் தேடிப் பிடித்து, அதை உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, அதைப் படிக்கற அளவுக்குக் கண்ணு தெரிஞ்சா, நான் எதுக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வரேன்?"