கடைசிப் படகும் ஜால்ரா கோஷ்டியும்

பத்தொன்பது வயதில் ஒருவன் கையில் கிடார் கிடைத்தால் முதலில் வருவது இசை அல்ல, சோகம். எனக்கும் வந்தது. ஆனால் சோகப்பட ஒரு காதலி வேண்டுமே? மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் என் அப்பாவையும் தெரியும். ஆகவே, எடுத்த எடுப்பிலேயே என்னை விட்டுப் போய்விட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு, ஆங்கிலத்தில் ஒரு ராக் பாட்டு எழுதினேன். அவள் கடைசிப் படகில் எர்ணாகுளம் போய்விடுகிறாள். நான் மழையில் படகுத்துறையில் நிற்கிறேன். (மறுநாள் காலை முதல் படகு உண்டு என்ற விவரம் பாட்டில் வராது.)

பாட்டின் பெருமை அதன் மௌனங்கள். ஒரு வரி பாடி நிறுத்துவேன். கேட்பவர் நெஞ்சு விம்முவதற்காக அதே நீளத்துக்கு ஒரு மௌனம். பிறகுதான் அடுத்த வரி. இந்த மௌனங்களைப் பற்றி ஸ்டான்லிக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். ஸ்டான்லி ஃபோர்ட் கொச்சிக்காரன், எங்கள் குழுவின் டிரம்மர். குழு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்போது எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாட ஆள் தேடினார்கள். ஓடினோம். மேனேஜர் மேனோன் சார் மரியாதையாகவே பேசினார். மேடையில் பாடுங்கள், எதிரே ஜனம் இருக்கட்டும், வந்து பார்க்கிறேன், ஒருவரும் எழுந்து போகாவிட்டால் சனிக்கிழமை உங்களுக்கு என்றார். இது கிடைத்தால், அப்பா எனக்காகப் பிடித்து வைத்திருந்த மிளகுக் கம்பெனி குமாஸ்தா நாற்காலியிலிருந்து நான் தப்பலாம்.

மேடைக்கு எங்கே போவது? எங்கள் தமிழ்ச் சமூகத்து மண்டபத்துக்கு என் சித்தப்பாதான் செக்ரட்டரி. ஆண்டு விழாவில், பஜனைக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டேன்.

“சாமி பாட்டாடா?” என்றார்.

“பிரிவுத் துயரம், சித்தப்பா.”

“ஓ, ராதை பாடற மாதிரியாக்கும். பாடு, பாடு.”

எங்கள் பஜனையில் ஒருவர் ஒரு வரி பாடினால் கூட்டம் முழுவதும் அதைத் திருப்பிப் பாடும். பாடுகிறவரைத் தனியே விடுவது பெரிய அவமரியாதை. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த மகா புத்திசாலியான எனக்கு, அன்றைக்கு மட்டும் இது நினைவுக்கு வரவே இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமாக்கள், மடியில் ஜால்ரா. பின்னால் நாற்காலியில் மேனோன் சார். கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடினேன்.

“ஷீ இஸ் கான் ஆன் தி லாஸ்ட் போட்...”

நிறுத்தினேன். மௌனம் வரவேண்டிய இடத்தில், மண்டபமே சேர்ந்து கணீரென்று பாடியது.

“ஷீ இஸ் கான் ஆன் தி லாஸ்ட் போட்...”

(சுருதி என்னுடையதைவிடச் சுத்தம்.) கண்ணைத் திறந்தேன். முன்வரிசை விஸ்வநாத மாமா, அடுத்ததை எடு என்று அன்பாகத் தலையாட்டினார்.

அடுத்த வரியில் ஜால்ரா சேர்ந்துகொண்டது. மௌனத்தை நீட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை பாடினார்கள். மௌனமே வேண்டாம் என்று வரிகளை ஒட்டிப் பாடினேன். இரண்டாம் காலம் வந்துவிட்டதாக எண்ணி வேகத்தை ஏற்றினார்கள். உதவிக்கு ஸ்டான்லியைத் திரும்பிப் பார்த்தேன். துரோகி, முகமெல்லாம் பல்லாக, “கொள்ளாமெடா!” என்று மெச்சியபடி அவர்களோடு வேகம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சரணத்தில் மாமாக்கள் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார்கள். வழக்கமாகக் குத்துவிளக்கைச் சுற்றி ஆடுவார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. ஸ்டான்லியைச் சுற்றி ஆடினார்கள். கடைசி வரியை எப்படியோ முடித்ததும் சித்தப்பா மைக்கைப் பிடுங்கி நாம சங்கீர்த்தனம் சொல்ல, படகேறிப் போன என் காதலிக்காக மண்டபமே “கோவிந்தா, கோவிந்தா” என்று முழங்கியது.

ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேனோன் சார் கண்ணைத் துடைத்தபடி வந்தார். அழுகையில்லை, சிரிப்பு. சனிக்கிழமை தருகிறேன், ஆனால் இவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்றார். நாங்கள் மட்டும் வந்தால் போதாதா என்று கேட்டேன்.

“நிங்கள் ரெண்டு பேரு மாத்ரம் வேண்டா, மோனே,” என்றார், மிகவும் கனிவாக.

மாமாக்களிடம் போய்க் கெஞ்சினேன். விஸ்வநாத மாமா, அந்த ஹோட்டலில் என்னவெல்லாம் பொரிப்பார்கள் என்று கேட்டார். மீன், கோழி என்று சொன்னேன். ஜால்ராவைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை நான் மிளகுக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாட்டை அதற்குப் பிறகு இரண்டே முறைதான் மேடையேற்றியிருக்கிறேன். ஒன்று, ஸ்டான்லியின் சர்ச் கிளப்பில். அங்கே யாரும் திருப்பிப் பாடவில்லை. பழக்கதோஷத்தில் நானும் ஸ்டான்லியும் ஒவ்வொரு வரிக்கும் பிறகு காத்திருந்தோம். பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து ஜனம் சாயா குடிக்கப் போய்விட்டது.

இன்னொன்று, சில வருஷம் கழித்துத் திருப்பூணித்துறையில், நான் பெண் பார்க்கப் போன இடத்தில். அது மேடை இல்லைதான், ஆனால் பயம் அதேதான். பெண்ணைப் பாடச் சொல்வார்கள் என்று பார்த்தால், சித்தப்பா அந்தக் கதையை எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைதான் பாடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பாடினேன். இரு வீட்டாரும் திருப்பிப் பாடினார்கள், பஜ்ஜி கொண்டுவந்த மாமி உட்பட. பெண் மட்டும் வாயே திறக்கவில்லை.

பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். சம்மதம் என்று தகவல் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கேட்டேன், அன்றைக்கு ஏன் அவள் பாடவில்லை என்று.

“எல்லாருமாச் சேந்து பாடினா யார்தான் கேக்கறது?” என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது முதல் வரியை எடுப்பார்கள், மீதிப்பேர் திருப்பிப் பாடுவார்கள். அவள் பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.