வரதனின் எட்டாவது பாட்டு

வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியே தீருவது என்று வரதன் முடிவு கட்டினான்.

மற்ற புருஷன்மார்களுக்கு இது முடிவு கட்டிப் பெறவேண்டிய சங்கதி இல்லை. வரதனுக்கும் பதினோரு வருஷமாகத் தானாகத்தான் கிடைத்து வந்தது. இப்போது வேண்டியிருந்தது தரமான திட்டு. தெளிவாக, நீளமாக, நடுவில் மிக்சி சத்தம் இல்லாமல்.

உத்திரமேரூர் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிற வரதன் ஒரு சோதனை இசைக் கலைஞன். அவனே பாட்டு எழுதுவான், அவனே பாடுவான். பின்னணிக்கு மோட்டார் தண்ணீர் ஏறாமல் இருமுகிற சத்தம், சாலவாக்கம் டவுன் பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம், எருமை கொட்டாவி விடுகிற சத்தம். “அது இன்னா சோதனை இசை?” என்று யாராவது கேட்டால் அவன் மனைவி கல்பனாவே பதில் சொல்லிவிடுவாள்.

“இசை அவருது. சோதனை என்னுது.”

சென்னையில் ஒரு சின்ன இசைக் கம்பெனி அவனுடைய முதல் ஆல்பத்தை வெளியிட ஒத்துக்கொண்டிருந்தது. பெயர் ‘வூடு’. எட்டுப் பாட்டில் ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது பாட்டு ‘கோபம்’. வெள்ளிக்கிழமைதான் கெடு. நடிப்புக் கோபம் உதவாது, நிஜக் கோபம் வேண்டும். அவ்வளவு சுத்தமான கோபம் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒரு அடுப்படியில்தான் உற்பத்தியானது.

வெள்ளிக்கிழமை காலையில் செல்போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தான். பிறகு வயலில் இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு வந்து, அப்போதுதான் துடைத்த தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

“கல்பனா! கால் கழுவாமயே வந்துட்டேன்!”

“பரவால்லீங்க. நம்ம வயல் சேறுதானே.”

வரதன் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டான். ‘யோவ்’ என்று கூப்பிடுகிற வாயில் ‘ங்க’ வந்தால் நிற்காமல் என்ன செய்வான்?

நாஷ்டாவுக்கு உட்கார்ந்தான். “இன்னா உப்புமா இது? வாயில வெக்க முடியல.”

“அப்படிங்களா? தோசை ஊத்தட்டுங்களா?”

கடைசி அஸ்திரத்தை எடுத்தான். “உன் தம்பி வினோத்குமாரு கீறானே, அவன் ஒரு தண்டம்!”

“நானும் அதையேதாங்க நெனைச்சிக்கினு இருந்தேன்.”

அவ்வளவுதான். தோசையைப் பாதியில் வைத்தான். எழுந்து புறக்கடைக்குப் போனான். திரும்பி வந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். இவளுக்கு எதுவோ தெரிந்துவிட்டது. எது? ஒன்றா இரண்டா! மத்தியானம் படுத்தால் கண் மூடவில்லை. கல்பனாவோ துணி மடித்துக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு மணிக்கு அடுப்படியில் போய் நின்றான்.

“எம்மே, பேஜாரு பண்ணாத. உனக்கு இன்னா தெரியும்?”

“எனக்கு இன்னாங்க தெரியும்? நீங்களா சொன்னா தெரிஞ்சிக்கப் போறேன்.”

அணை உடைந்தது.

“கிரைண்டரு தானா ரிப்பேர் ஆவல. சத்தம் நல்லா வரும்னு கூழாங்கல்லு போட்டு ஓட்டுனேன்!”

“உம்.”

“உங்க அம்மா குடுத்த பித்தளைக் குடம் கீய வியுந்து நசுங்கல. நான்தான் சுத்தியால தட்டுனேன், ரெண்டாவது பாட்டுக்கு!”

“உம்.”

“பெருநகர்ல உன் தம்பி வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஜொரம்னு சொல்லி வரல. ஜொரமே இல்ல. ஏரி மதகாண்ட குந்திக்கினு தவள சத்தம் புடிச்சேன்!” குரல் உடைந்தது, மூக்கு ஒழுகியது. “திட்டு தாயே! ஒரே ஒரு தபா திட்டிடு!”

கல்பனா பருப்பு டப்பாவை நகர்த்தினாள். போனை எடுத்து ரெக்கார்டிங்கை நிறுத்தினாள்.

“கம்பெனிப் பொண்ணு திவ்யா காலைல நீ வயலுக்குப் போனப்போ உனக்கு அடிச்சிப் பார்த்துட்டு என் நம்பருக்குப் பேசுச்சு. ‘அண்ணன் நீங்க திட்றத ரெக்கார்ட் பண்ணப் போறாராம், கொஞ்சம் சத்தமா திட்டுங்கக்கா’ன்னு சொல்லிச்சு.” இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டாள். “யோவ்!”

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், அதுதான் திட்டு. முக்கால் மணி நேரம். ஏற்றம், இறக்கம், மூன்று தலைமுறை. தாளம் தப்பவில்லை. எதிர்வீட்டு மங்கம்மா முறத்தை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள். வரதன் கலைஞன் அல்லவா, ஒவ்வொரு வரிக்கும் உள்ளுக்குள் துடித்தான். போன் அவள் கையில் இருந்தது. ரெக்கார்டிங் அணைந்து இருந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மணி ஐந்து. அனுப்புவதற்குக் கைவசம் இருந்தது அவனுடைய அழுகை ஒன்றுதான். அதையே கல்பனா அனுப்பினாள். தலைப்பை மட்டும் ‘பயம்’ என்று மாற்றினாள்.

ஆல்பம் வெளிவந்தது. முதல் ஏழு பாட்டை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. எட்டாவதை மட்டும் கல்யாணமானவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி மாளவில்லை. ‘இவ்வளவு உண்மையான குரலைக் கேட்டதே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் திவ்யா வரதனைக் கூப்பிட்டாள். “அண்ணா, ரெண்டாவது ஆல்பம் பண்ணலாமா?”

வரதன் நெஞ்சை நிமிர்த்தினான். “பண்லாம்மா. ஆனா இந்த தபா இன்னா பாட்டு, எப்படி வரணும்னு எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன்.”

“அதெல்லாம் அக்கா போன வாரமே முடிவு பண்ணிட்டாங்கண்ணா. எட்டுப் பாட்டுக்கும் நீங்க என்னென்ன தப்ப ஒத்துக்கணும்னு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க.”