செவ்வாய்க்கிழமையில் வந்த அமாவாசை

அமாவாசையன்று தறியில் உட்காரக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, அவனுக்கு மாணிக்கவேல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகமும் நடத்தியிருந்தான். பிள்ளையார்பாளையத்து நெசவாளியான அவனுக்கு அந்த ஒரு நாள்தான் முழு ஓய்வு. அன்றைக்கு அவன் தூங்குகிற அழகைப் பார்த்தால் கும்பகர்ணனே எழுந்து பாயை விட்டுக் கொடுப்பான்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மூன்றாவது படிக்கும் மகள் அபிநயா, வண்டலூரில் புலி பார்த்தே ஆகவேண்டும் என்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மனைவி இந்திராணியும் மகள் கட்சி.

மாணிக்கவேல் காலண்டரைப் புரட்டினான். மாசி அமாவாசை, செவ்வாய்க்கிழமை. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு வார லீவும் செவ்வாய்க்கிழமை. அமாவாசையிலேயே அவன் முகத்தில் நிலா உதித்தது. வருகிற அமாவாசைக்குப் போகிறோம், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிடு என்று தாராளமாக வாக்குக் கொடுத்தான். பூட்டிய கேட்டைக் காட்டி நாலு தடவை "அடடா" போட வேண்டியது. பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்து பாயை விரிக்க வேண்டியது. இவ்வளவுதான் திட்டம்.

அன்று விடியற்காலையில் மச்சான் லோகேஸ்வரன் காரோடு வந்தான். புளிசாதம் தயார். மாணிக்கவேல் முன்சீட்டில் உட்கார்ந்து "அடடா"வை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான். கார் செவிலிமேடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.

"லோகு, வண்டலூருக்கு வாலாஜாபாத் ரோடுதானேப்பா?"

பின்னாலிருந்து இந்திராணிதான் பதில் சொன்னாள். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்க. வண்டலூரு லீவு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால் குட்டு உடையும். "தெரியாதே" என்றான், பாலாற்றைப் பார்த்தபடி.

"அதான் வேடந்தாங்கல் போறோம். பறவைங்களுக்கு வார லீவு கெடையாது."

ஏரிக்கரையில் இறங்கியதும் அபிநயா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, புலி எங்கே என்று கேட்டாள். மாணிக்கவேல் மனைவி முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். பிள்ளையை ஏமாற்றப் பார்த்தது தெரிந்தால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"புலிக்கு லீவுடா கண்ணு" என்றாள் இந்திராணி. "அப்பாதான் காலண்டர்ல பாத்துக் கண்டுபிடிச்சாரு. அதான் ஒனக்காவ இங்க இட்டுக்கினு வந்திருக்காரு."

அபிநயா ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தண்ணீரில் நின்ற மரமெல்லாம் நாரை. கரண்டியைக் கவிழ்த்த மாதிரி மூக்குள்ள ஒன்று குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. மகள் அதைக் காட்டிச் சிரிக்க, அந்தச் சிரிப்பைத் தூங்கித் தொலைக்கப் பார்த்தோமே என்று மாணிக்கவேல் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

மெதுவாக மனைவி பக்கத்தில் போய் நின்றான். "காட்டிக் குடுக்காம காப்பாத்திட்டம்மா. ஒனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல."

இந்திராணி ஒரு புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் வைத்தாள்.

"அவசரமில்லீங்க. அடுத்த அமாவாசை புதன்கிழமை. புலி முன்னால நின்னுக்கினு சொல்லுங்க."