கொப்பரைக் கப்பல்

"அதெல்லாம் முடியாது ரோஸ்மேரி. ஏரியில ஓட்டறவன் ஓடக்காரன். நான் கப்பக்காரன்" என்றார் பாக்கியசாமி.

"கடல்லயே ஓட்டனவருக்கு ஏரி இன்னா பெரிசு?" என்று கேட்டுக்கொண்டே ரோஸ்மேரி வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

பேச்சு மும்முரத்தில் பாக்கியசாமியின் கை தானாக உரிக்க ஆரம்பித்துவிட்டது. தோல் ஒரே சுருளாகக் கழன்று விழுந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கப்பல்ல இதுகூட கத்துக் குடுக்கறாங்களா?" என்றாள் ரோஸ்மேரி.

"கப்பல்ல எல்லாந்தான் கத்துக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

செஞ்சிக் கடைத்தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். யுத்த காலம் முழுவதும் பாய்மரம் கட்டிக்கொண்டு மாலத்தீவு, லட்சத்தீவு என்று தீவு தீவாகச் சுற்றிய கதையை அவர் சொல்லாத டீக்கடை பாக்கியில்லை. நிஜம் என்னவென்றால், மனுஷன் மதராஸில் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்ட கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்ததுண்டு, கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றபோது. நீச்சலா? கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் கிடையாது.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் தேவலை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியதும் "லீவுல வந்திருக்கேன்" என்று சொல்லிவைத்தார். கப்பல் மாப்பிள்ளை என்று பனமலை செபாஸ்தியான் ஓடி வந்து தன் பெண் ரோஸ்மேரியைக் கொடுத்தார். இப்போது பார்க்கிறவனெல்லாம் "லீவு எப்ப முடியுது?" என்று பிடுங்கி எடுக்க, வாய் சும்மா இருக்காமல் "வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பொறப்படணும்" என்று சொல்லிவிட்டது.

எங்கே புறப்படுவது? கப்பலும் கிடையாது, கொட்டகையும் கலைத்தாகிவிட்டது. ரோஸ்மேரியை விட்டுவிட்டு மதராஸில் யார் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் ஒளிந்துகொள்வது? உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? கோயிலில் நாலு பேர் மத்தியில் எப்படி நிற்பது?

இந்த லட்சணத்தில்தான் இவளுடைய ஆசை. கார்த்திகை மழையில் பனமலை ஏரி ரொம்பி, நடுவிலிருந்த பனந்திட்டுகளெல்லாம் தீவுகளாகிவிட்டனவாம். புறப்படுவதற்கு முன்னால் பாய் கட்டி அவளை அந்தத் தீவுகளைச் சுற்றி ஒரு உல்லாசப் பயணம் கூட்டிப் போக வேண்டுமாம்.

"ஓடம் ஏது அங்க?" என்று மடக்கினார்.

"எங்க ஊரு தனகோட்டி அண்ணன்கிட்ட பழைய கொப்பரை இருக்குது. கரும்புப்பாலு காச்சற பெரிய சட்டி. அதுல ஏறித்தான் எல்லாரும் ஏரிய தாண்டறாங்க."

"பாய் வேணுமே. கித்தான் துணி இந்த ஊர்ல ஏது?"

"கல்யாண ஜமக்காளம் இருக்குதே. கெட்டி துணி."

பாக்கியசாமிக்கு ஒரு யோசனை உதித்தது. எந்த அப்பன் பெற்ற பெண்ணைக் கொப்பரையில் ஏற விடுவான்? நேரே மாமனாரிடம் போய், "மாமா, ஒங்க பொண்ணு இந்த மாதிரி கேக்குது. ஆபத்தான வெளையாட்டு. நீங்க வேணாம்னு சொன்னா நான் கட்டுப்படறேன்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

செபாஸ்தியானுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மாப்ளே! கடல்ல பண்ணத எங்க கண்ணு முன்னாடி பண்ணி காட்டப் போறீங்களா!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? ஊர் முழுக்கத் தமுக்குப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பனமலை ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். தாளகிரீஸ்வரர் கோயில் பாறைமேல்கூட ஆட்கள் ஏறி நின்றார்கள். தண்ணீர் கரையைத் தொட்டு அலையடித்தது. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் பாக்கியசாமி ரெண்டு அடி பின்வாங்கினார்.

கொப்பரையின் காது வளையங்களில் ரெண்டு மூங்கிலைக் கட்டி, நடுவில் ஜமக்காளத்தை விரித்துக் கட்டியிருந்தாள் ரோஸ்மேரி. பாக்கியசாமி உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு இடத்தில் சிற்றெறும்பு மொய்த்துக் கிடந்தது.

"இன்னா இது, எறும்பு?"

"வெல்லம் காச்சன பாத்திரத்துல எறும்பு வராம யான வருமா? ஏறுங்க" என்றாள்.

தனகோட்டி பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார். ரோஸ்மேரி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஏறினார்கள். கரையிலிருந்து தள்ளிவிட்டதுதான் தாமதம், கொப்பரை கிர்ரென்று சுழல ஆரம்பித்தது. பாக்கியசாமிக்குக் கரை, கோயில், மாமனார், தண்ணீர், மறுபடி கரை என்று மாறி மாறித் தெரிந்தது.

"ஏங்க, சுத்துதே!"

"அப்படித்தான். கப்பல எடுக்கறப்ப மொதல்ல சுத்தணும். அதான் மொறை."

"கப்பக்காரரு கப்பக்காரருதான்யா!" என்று கரையில் கைதட்டினார்கள்.

சுழற்சியை நிறுத்த அவர் கையிலிருந்த மூங்கில் கழியை ஏரியின் அடியில் ஊன்றினார். கழி சேற்றில் இறங்கி நின்றது. கொப்பரை நிற்கவில்லை. கழியை விடாமல் பிடித்திருந்தால் அவரும் அங்கேயே நின்றிருப்பார். விட்டுவிட்டார். கழி ஏரியின் நடுவில் தனியாக நிற்க, கொப்பரை மேலே போனது.

"கழிய உட்டுட்டீங்களே!"

"அது அடையாளம். திரும்பி வர்றதுக்கு வழி தெரிய வேணாமா?"

அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று கிளம்பியது. ஜமக்காளம் புடைத்தது. முதல் திட்டு விர்ரென்று கடந்து போனது. அங்கே உட்கார்ந்திருந்த நாரைகளை ரோஸ்மேரி கையை நீட்டிக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருந்தவருக்கு நாரை எங்கே தெரியும்? வேகத்தைக் குறைக்கப் பாயை இறக்கலாம் என்று ஒரு முடிச்சை அவிழ்த்தார். பாதிப் பாய் காற்றில் பறந்து வந்து அவர் தலையைப் போர்த்தியது. உள்ளே இருட்டில் அவர் துழாவிக்கொண்டிருக்கும்போது, பாதத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது.

ஜமக்காளத்தைத் தலையிலிருந்து விலக்கிவிட்டுக் கீழே பார்த்தார். எறும்பு மொய்த்த இடத்தில் இப்போது எறும்பைக் காணோம். காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது.

"ரோஸ்மேரி! தண்ணி! தண்ணி வருது!"

"கடல்லயும் இப்படித்தான் வருமா?"

"கடல்ல எங்கடி ஓட்டை இருக்கும்!" என்று அலறினார் கப்பல்காரர்.

குதிகாலால் ஓட்டையை அழுத்தினார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பு வழியாக இன்னும் அதிகமாகத் தண்ணீர் வந்தது. காலை எடுத்தால் ஓட்டை வழியாக வந்தது. மேல்துண்டைச் சுருட்டித் திணித்தார். துண்டு ஓட்டை வழியாகவே ஏரிக்குள் போய்விட்டது. கணுக்காலுக்கு வந்த தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கரையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், படுபாவிகள்!

ரோஸ்மேரி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஒரு ஏரித் தண்ணியே இந்தப் பாடு படுத்துதே! நடுக்கடல்ல ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? போவாதீங்க! இனிமே கப்பலுக்குப் போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க!"

செத்துப்போகப் போகிறோம் என்பதில் பாக்கியசாமிக்குச் சந்தேகமே இல்லை. தன்னைப் பற்றிக்கூட அவ்வளவாகத் தோன்றவில்லை. தன் வாய்க்கொழுப்பால் இந்தப் பெண்ணும் அல்லவா சாகப்போகிறது!

"போவ மாட்டேன்!" என்று கத்தினார்.

"இன்னும் சத்தமா சொல்லுங்க!"

"அந்தோணியார் மேல சத்தியமா, மாதா மேல சத்தியமா, இனிமே கப்பல் பக்கமே தல வெச்சி படுக்க மாட்டேன்! என் ரோஸ்மேரிய உட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன்!"

ஏரித் தண்ணீரின்மேல் அந்தக் குரல் கரைவரைக்கும் போய் எட்டியது. கைதட்டல் நின்றது. அதே நொடியில் கொப்பரை மூன்றாவது திட்டின் ஓரத்தில் இடித்துச் சாய்ந்தது. ரெண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

"மாதாவே! முழுகறேன்! முழுகறேன்!"

"கால ஊனுங்க" என்றாள் ரோஸ்மேரி.

ஊன்றினார். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

தனகோட்டி ஆட்களோடு கட்டைகளைத் தெப்பமாகக் கட்டிக்கொண்டு வந்து அவர்களைக் கரை சேர்த்தார். செபாஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"காதால கேட்டேன் மாப்ளே. எவ்ளோ பெரிய உத்தியோகம்! எம் பொண்ணுக்காவ தூக்கிப் போட்டுட்டீங்களே! என் கரும்பு நெலத்த நீங்கதான் பாத்துக்கணும். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"சத்தியம் பண்ணிட்டனே மாமா. இனிமே இன்னா பண்றது" என்று பெருமூச்சு விட்டார் பாக்கியசாமி.

உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. மதராஸும் வேண்டாம், ஒளிந்து கிடக்கவும் வேண்டாம். இனி ஒரு பயல் லீவு எப்போது முடிகிறது என்று கேட்க மாட்டான். அந்தச் சின்ன ஓட்டை அவர் மானத்தையும் காப்பாற்றி, குடும்பத்தையும் காப்பாற்றிவிட்டது. பாவம், ரோஸ்மேரிதான் ரொம்பப் பயந்துவிட்டாள். சற்றுத் தள்ளி அவள் ஜமக்காளத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைசிவரை அவளுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

ஆனாலும் பழைய வாய் அடங்கவில்லை. தனகோட்டியைக் கூப்பிட்டு, "யோவ், ஓட்டைக் கொப்பரைய குடுக்கறியே! நான் கப்பக்காரனா இருக்கப் போயி தப்பிச்சோம்" என்று ஒரு அதட்டல் போட்டார்.

தனகோட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என் கொப்பரைய கொற சொல்லாதீங்க சாமி. தாரு ஊத்தி நல்லாத்தான் அடைச்சி வெச்சிருந்தேன். ஒங்க வூட்டம்மாதான் முந்தாநாளு வந்து அத்த நோண்டி எடுத்துட்டு வெல்லத்த வெச்சி அடைச்சுது. 'அவரு எறும்ப பாத்ததுமே கண்டுபுடிச்சிடுவாரே'ன்னு நான் பயந்தேன். அதுக்கு, 'மதராஸுல வெங்காயம் உரிச்சவருக்கு கொப்பரைய பத்தி இன்னா தெரியும்? ஊர்லயே இருந்துக்கறதுக்கு அந்த மனுசனுக்கு கவுரவமா ஒரு சாக்கு வேணும், நீ கம்முனு இரு'ன்னு சொல்லிடுச்சு."