லத்தீப் முதலாளியின் மொரிஸ் மைனர்

மழைக்கென்று குடை வாங்கி, மழை வந்ததும் குடை நனைந்துவிடும் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தான் நனைந்து போகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் தனி ஆளல்ல, ஓர் இனம். 'கண்ணால பாருங்க'க்காரர் என்று பெயர். இவர்கள் ஒரு சாமானை வாங்குவது பாவிக்க அல்ல, பாதுகாக்க. காட்டாமலும் இருக்க மாட்டார்கள், தொடவும் விட மாட்டார்கள்.

பதுளையில் இந்த இனத்துக்குத் தலைவர் புடவைக் கடை லத்தீப் முதலாளி. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம், மடுல்சீமைப் பக்கத்து வெள்ளைக்காரத் துரையொருவர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போனார். துரைசாணிக்குப் பத்து வருஷமாகச் சீத்தைத் துணி கிழித்துக் கொடுத்த முதலாளிக்கு ஞாபகமாக ஒரு மொரிஸ் மைனர் காரையே கொடுத்துவிட்டுப் போனார். பதறாதீர்கள். அதன் நீளம் நாலு விரல்.

உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார். கரும்பச்சை நிறம், திறந்து மூடும் கதவு, ரப்பர் டயர் போட்ட சக்கரம். அது கடைக்குப் பின்னாலிருந்த வீட்டின் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. சாவி முதலாளியின் இடுப்புக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, கை கழுவி, சவரப் பிரஷ்ஷால் தூசி தட்டி, உருண்டுவிடாமல் முன்னும் பின்னும் இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து, பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சேலை எடுக்க வருகிறவர்களைக்கூட உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார். பூனாகலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நல்லையா குறும்புக்காரர். "முதலாளி, ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தன மைல் ஓடுங்க?" என்று கேட்டார். ஓட்டினால் டயர் தேய்ந்துவிடும் என்று முதலாளி சிரிக்காமல் பதில் சொன்னார்.

மகள் நபீலாவுக்கு மாப்பிள்ளை பேசியபோதுதான் வினை வந்தது. பண்டாரவளையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமி, ஆசையாக அலுமாரிக் கண்ணாடியில் விரல் வைத்துவிட்டார். முதலாளி கைலேஞ்சியை எடுத்து, அந்த மாமியின் கண்ணுக்கு முன்னாலேயே விரல் அடையாளத்தைத் துடைத்தார். அப்புறம் என்ன ஆகும்? வேறு இடம் பார்ப்பதாக மறுநாளே செய்தி வந்தது. நபீலா மூன்று நாள் வாப்பாவோடு பேசவில்லை.

அடுத்து வந்தது வெலிமடைக் கிழங்கு வியாபாரி தாஸிம் ஹாஜியாரின் மகன். நபீலாவுக்கு மனசுக்குப் பிடித்த இடம். இதுவும் தவறினால் ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்காது. மனைவி மர்லியா காலையிலேயே சாவியைப் பறித்து அலுமாரியைத் திறந்து வைத்தார்.

"வந்தவங்க எதப் பாத்தாலும் 'உங்கட சாமான் மாதிரி'ன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் பேச வேணாம்."

ஹாஜியார் வந்தார், வட்டிலாப்பம் சாப்பிட்டார், அலுமாரியைப் பார்த்தார். வந்த காரியம் மறந்துபோயிற்று. வட்டிலாப்பம் ஒட்டிய விரலாலேயே காரை எடுத்து, கதவைத் திறந்து மூடி, மேசையில் வைத்து, வாயால் உறுமிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருட்டினார். அவர் வாலிபத்தில் முதன்முதல் வாங்கியதும் இதே காராம். பின் சீட்டில் நாலு மூட்டைக் கிழங்கை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவாராம். முதலாளியின் கை தானாகக் கைலேஞ்சிக்குப் போனது. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற நபீலா வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன கை வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"உங்கட சாமான் மாதிரி நெனச்சிக்கங்க, ஹாஜியார்," என்றார் முதலாளி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

மரியாதைக்குச் சொல்கிற பேச்சை யாராவது நிஜமென்று எடுப்பார்களா? பதுளையில் எடுக்க மாட்டார்கள். வெலிமடையில் எடுத்துவிட்டார்கள். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் காரை ஜுப்பாப் பையில் போட்டுக்கொண்டு, அதே மூச்சில் கல்யாணத்துக்கு நாளும் குறித்தார். முதலாளியின் கண் கலங்கியது. சந்தோஷக் கண்ணீர் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். பாதி சரிதான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மூன்றாம் மாதம் முதலாளி வெலிமடை பஸ் ஏறினார். மகளைப் பார்க்கத்தான், சந்தேகப்படாதீர்கள். நபீலா பூரித்துப்போயிருந்தாள், அவருக்கு மனசு நிறைந்தது. பிறகுதான் மூலையில் நின்ற புத்தம் புதிய கண்ணாடி அலுமாரி கண்ணில் பட்டது. அதற்குள் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவில் மொரிஸ் மைனர். பழைய பாசத்தில் முதலாளி கையை நீட்டினார்.

ஹாஜியார் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, கண்ணால பாருங்க. கையால வேணாம்."

இனம் எப்படிப் பெருகுகிறது, பார்த்தீர்களா? நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் எங்கே இருக்கின்றன? அவற்றில் ஒருநாளாவது தேத்தண்ணி குடித்திருக்கிறீர்களா? போய் ஒரு வாய் குடித்துவிட்டு வாருங்கள். சாவியைத் தேட வேண்டாம், உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது.